ஒரு கறுப்பு மூடியும் ஒரு ஹெச் எழுத்தும்: பிரிட்டனின் பிரைவேட் பிளேட்டைப் படிப்பது எப்படி

போன மாதம் லண்டன் புறநகர் ஒன்றின் கார் பார்க்கில், ஒரு வெள்ளைக் காரின் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தேன். பார்க்கிறவர்களுக்கு நான் டயரைத் திருட வந்தவன் மாதிரி தெரிந்திருக்கும். உண்மையில் நான் பார்த்துக்கொண்டிருந்தது அதன் நம்பர் பிளேட்டை. மஞ்சள் தகடு, நான்கு மூலையிலும் ஸ்குரூ, ஒவ்வொன்றின் மேலும் தகட்டின் நிறத்திலேயே மஞ்சள் பிளாஸ்டிக் மூடி. அதுவரை எல்லாம் ஒழுங்கு. ஆனால் நடுவில், பக்கத்தில் பக்கத்தில் நின்ற இரண்டு 1-களுக்கு மத்தியில், ஸ்குரூவுக்கு எந்த வேலையும் இல்லாத ஓர் இடத்தில், ஐந்தாவதாக ஒரு ஸ்குரூ, அதற்கு மட்டும் கறுப்பு மூடி. நாலடி தள்ளி நின்று பார்த்தால் அந்த 11 அப்படியே ஹெச் எழுத்தாகிவிடும். பெயரைச் சொல்ல மாட்டேன், நடுவில் ஒரு ஹெச் வேண்டிய பெயர் என்பதோடு விட்டுவிடுகிறேன்.

பெயராகவோ சொல்லாகவோ படிக்கிற மாதிரி காசு கொடுத்து வாங்கி மாட்டுகிற நம்பருக்கு இந்த நாட்டில் பிரைவேட் பிளேட் என்று பெயர். தமிழர் கூடுகிற இடங்களில் இதைப் பற்றிப் பேச்சு வராமல் போகாது, வந்தால் ஆளுக்கொரு சட்டம் சொல்வார்கள். "காசு கொடுத்தால் எந்தப் பேரையும் போட்டுக்கலாம்." "வாங்கிட்டா அது நம்ம சொத்து." "பழைய நம்பரைப் போட்டா காரோட வயசை யாராலும் கண்டுபிடிக்க முடியாது." "எழுத்தைக் கொஞ்சம் தள்ளி ஒட்டுறதெல்லாம் அழகுக்குத்தானே, யார் கேட்கப்போறாங்க?" இந்த நாலும் தப்பு, அல்லது பாதிதான் சரி. இந்த பிளேட்டுகளில் சில ஏன் ரசிக்க வைக்கின்றன, சில ஏன் இவ்வளவு அல்பமாகத் தெரிகின்றன என்பதும் இந்த நாலு விஷயத்துக்குள்தான் இருக்கிறது. அதனால் அடியிலிருந்தே போவோம்.

ஒரு சின்ன ஏற்பாடு: ஆங்கில எழுத்துகளை அவற்றின் பெயரால் தமிழிலேயே எழுதப்போகிறேன். பி.ஓ. 55 என்று நான் எழுதினால் நீங்கள் அதை மனசுக்குள் ஆங்கில வடிவமாக மாற்றிப் பார்த்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் சிரமம்தான், ஆனால் இந்த விளையாட்டே வடிவத்தில்தான் இருக்கிறது.

வெற்றுத் தாள் கிடையாது, யாப்பு உண்டு

அமெரிக்காவில் பல மாநிலங்களில், இடம் கொள்கிற அளவுக்கு எழுத்தும் எண்ணுமாக உங்களுக்குப் பிடித்ததை எழுதிக் கொடுத்து, வேறு யாரும் வைத்திருக்காவிட்டால், ஆபாசமாக இல்லாவிட்டால், அதையே பிளேட்டாக வாங்கலாம். படங்களில் பார்த்துப் பழகியதால் எல்லா ஊரிலும் இப்படித்தான் என்று நினைத்துவிடுகிறோம். இந்தியாவின் பேன்சி நம்பர் வேறு வகை. அங்கே கடைசி நாலு இலக்கத்தில்தான் ஆசைக்கு இடம், மற்றதெல்லாம் மாநிலமும் அலுவலகமும் வரிசையும் தருபவை.

பிரிட்டன் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. இங்கே எழுத்து, எண் இரண்டிலும் விளையாடலாம், ஆனால் எந்த இடத்தில் எழுத்து, எந்த இடத்தில் எண் என்பது ஏற்கெனவே முடிவாகிவிட்டது. வெண்பா எழுதுகிறவர் தோன்றிய சொல்லையெல்லாம் போட்டுவிட முடியாது இல்லையா, சீருக்கும் தளைக்கும் பொருந்துகிற சொல்லைத்தான் தேட வேண்டும். ஈற்றடியில் மூன்று சீர்தான் என்றால் மூன்றுதான். நம்பர் பிளேட்டும் அப்படித்தான். உங்கள் பெயர் அந்தக் கட்டத்துக்குள் தானாக வந்து உட்கார்ந்தால் அதிர்ஷ்டம். உட்காராவிட்டால் இருப்பதை வளைக்க வேண்டும், இல்லையென்றால் கட்டத்தையே உடைக்க வேண்டும். உடைக்கிறவர்களிடம்தான் அந்தக் கறுப்பு மூடி இருக்கிறது.

இன்றைய ஏழு இடங்கள்

2001 செப்டம்பரிலிருந்து புதிதாகப் பதிவாகும் கார்களுக்கு ஒரே வடிவம்: இரண்டு எழுத்து, இரண்டு எண், ஓர் இடைவெளி, மூன்று எழுத்து.

முதல் இரண்டு எழுத்துக்குப் பெயர் நினைவுக் குறி. கார் எந்த வட்டாரத்தில் முதலில் பதிவானது என்பதைக் காட்டுவது அது, மனசில் நிற்கும்படி அமைத்திருப்பதால் அந்தப் பெயர். எல் என்றால் லண்டன், பி என்றால் பர்மிங்ஹாம், ஒய் என்றால் யார்க்‌ஷையர், எஸ் என்றால் ஸ்காட்லாந்து. வேல்ஸுக்கு மட்டும் சி. வேல்ஸ் மொழியில் அந்த நாட்டின் பெயர் அந்த எழுத்தில்தான் தொடங்குகிறது.

அடுத்த இரண்டு எண் வயதுக் குறி. இதுதான் இந்த முழுக் கதையின் அச்சாணி. வருடத்துக்கு இரண்டு முறை மாறும். மார்ச்சில் அந்த வருடத்தின் கடைசி இரண்டு இலக்கம், செப்டம்பரில் அதோடு ஐம்பதைக் கூட்டினால் வருவது. 2024 மார்ச்சில் பதிவானால் 24, அதே வருடம் செப்டம்பரில் பதிவானால் 74. ஆக 55 என்று பார்த்தால் ஐம்பதைக் கழியுங்கள், 2005 செப்டம்பர். ஒரு முறை பழகிவிட்டால் சிக்னலில் நிற்கும்போது முன்னால் நிற்கிற காரின் ஜாதகம் தானாக ஓடும், நிறுத்த முடியாது, என் மனைவி இதற்காகவே என்னோடு காரில் வரத் தயங்குகிறாள்.

கடைசி மூன்று எழுத்துக்குப் பொருள் கிடையாது, வெறும் வரிசை. மூன்றிலும் ஐ, கியூ வராது. இசட் இந்தக் கடைசி மூன்றில் மட்டும் வரலாம், முன்னால் வராது.

இப்போது கணக்கைப் பாருங்கள். முதலாளி என்று பொருள்படும் பாஸை ஆங்கிலத்தில் எழுத நாலு எழுத்து, கடைசி இரண்டும் எஸ். எஸ் எழுத்து 5 மாதிரி இருக்கும். வயதுக் குறி உட்காரும் மூன்றாம் நான்காம் இடத்தில்தான் அந்த இரண்டு எஸ்ஸும் வருகின்றன. ஆக பி.ஓ. 55. பர்மிங்ஹாமில் தொடங்கும் எழுத்து, 2005 செப்டம்பர் எண், பின்னால் ஏதோ மூன்று எழுத்து. அந்த மூன்று எழுத்துக்கு 24 எழுத்துகள் வாய்ப்பு என்றால் 24-ஐ மூன்று முறை பெருக்க 13,824. அதாவது இந்த நாடு முழுவதிலும் இந்த வடிவத்தில் கணக்குப்படி அதிகபட்சம் அத்தனை பாஸ்கள்தான் இருக்க முடியும். கொஞ்சம் அதிகம்தான் என்று எனக்கும் படுகிறது.

அதற்கு முந்தைய மூன்று காலம்

பழைய வடிவங்கள் செத்துப்போகவில்லை, விற்பனையில் இருக்கின்றன. அதனால் அவற்றையும் ஒரு பார்வை பார்த்துவிட வேண்டும்.

1903-இல் வந்த மோட்டார் கார் சட்டத்தின்படி 1904 ஜனவரி 1 முதல் எல்லாக் கார்களுக்கும் எண் கட்டாயமானது. அப்போது லண்டனுக்கு ஏ, லங்காஷையருக்கு பி என்று, மக்கள்தொகை வரிசையில் எழுத்தைக் கொடுத்து, பக்கத்தில் ஓர் எண். லண்டனின் ஏ 1 எண்ணை வாங்க ஒரு பிரபு ராத்திரி முழுக்க வரிசையில் காத்திருந்தார் என்றொரு கதை உண்டு. அவர் தத்துவவாதி பெர்ட்ரண்ட் ரஸ்ஸலின் அண்ணன். ஆக, இந்தப் பைத்தியம் நம் காலத்தில் பிடித்ததில்லை, எண் பிறந்த அன்றே பிடித்தது. இந்த முதல் காலத்து எண்களில் வருடத்தைக் காட்டுகிற எதுவும் கிடையாது. இவற்றைத் தேதியில்லா எண் என்கிறார்கள். இந்தச் சொல்லைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள், விலை பற்றிப் பேசும்போது திரும்ப வரும்.

1963-இலிருந்து கடைசியில் ஒரு வருட எழுத்து சேர்ந்தது. மூன்று எழுத்து, எண், பிறகு வருட எழுத்து. 1983 ஆகஸ்டில் எழுத்துகள் தீர்ந்துபோக, அப்படியே தலைகீழாகத் திருப்பினார்கள். வருட எழுத்து முன்னால், பிறகு ஒன்று முதல் மூன்று இலக்க எண், பிறகு மூன்று எழுத்து. 2001 வரை அதுதான் ஓடியது.

இந்த 1983 வடிவம்தான் பெயர் தேடுகிறவர்களின் சொர்க்கம். நம்ம ராஜாவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆர் 4 ஜே.ஏ.ஏ. என்று வைத்தால், 4-ஐ ஏ என்று படித்தால், ராஜா வந்துவிடுகிறார். ஆர் என்ற வருட எழுத்துக்குக் காலம் 1997 ஆகஸ்ட் முதல் 1998 ஜூலை வரை. ஆனால் இங்கேயும் யாப்பு உண்டு. ஐ, ஓ, யு, இசட் நாலும் வருட எழுத்தாக வந்ததே இல்லை. எனவே உமா, உஷா, இந்து எல்லோருக்கும் இந்தக் கதவு மூடியேதான் கிடக்கிறது.

இதுவரை வந்ததைச் சுருக்கினால்: நாலு காலத்து வடிவம், ஒவ்வொன்றிலும் எழுத்துக்கும் எண்ணுக்கும் இடம் ஒதுக்கியாயிற்று, முதலாவதைத் தவிர மற்ற மூன்றிலும் எங்கோ ஓரிடத்தில் வருடம் ஒளிந்திருக்கிறது. பெயர் பொருந்துவது தற்செயல்.

எண் எழுத்தாக வேஷம் கட்டும்போது

சரி, பெயரில் எண் கிடையாது, பிளேட்டில் எண் இல்லாமல் இருக்க முடியாது. அப்புறம் என்ன, எண்ணுக்கு எழுத்து வேஷம் போட வேண்டியதுதான்.

இதில் இரண்டு வேஷம் இயல்பானது, சட்டமே ஏற்றுக்கொண்டது. பிரிட்டனின் நம்பர் பிளேட்டுக்கு ஒரே எழுத்துருதான், சார்லஸ் ரைட் என்று பெயர். அதில் சுழியமும் ஓ எழுத்தும் ஒரே வடிவம். 1-உம் ஐ எழுத்தும் ஒரே வடிவம். எது எண், எது எழுத்து என்பதை அது நிற்கிற இடம்தான் சொல்லும். அதனால் 0-வை ஓ என்றும் 1-ஐ ஐ என்றும் படிப்பதில் எந்தப் பொய்யும் இல்லை.

அடுத்த வட்டம்: 5 எஸ் ஆவது, 4 ஏ ஆவது, 3 ஈ ஆவது, 8 பி ஆவது, 6 ஜி ஆவது, 7 டயரின் டி ஆவது. கண்ணைக் கொஞ்சம் சுருக்கினால் ஏற்றுக்கொள்ளலாம். 5 மட்டும் சுலபமாக ஒத்துப்போகும், 7-க்குக் கொஞ்சம் இரக்கம் வேண்டும்.

மூன்றாவது வட்டத்தில் இரண்டு எண்ணைச் சேர்த்து ஓர் எழுத்தாக்குவார்கள். 13 பி ஆகும், 11 ஹெச் ஆகும், ஆள் ஆர்வமானவராக இருந்தால் அதே 11 யு எழுத்தும் ஆகும், 'என்' எழுத்தும் ஆகும். இந்த வட்டத்தில் எண்கள் தானாக நடிக்காது. யாராவது மேக்கப் போட்டுவிட வேண்டும். இரண்டு 1-க்கு நடுவில் கறுப்பு ஸ்குரூ போட்டால் ஹெச், கீழே ஒரு கறுப்புப் பட்டை ஒட்டினால் யு. ஒரு நல்ல எழுத்துருக் கலைஞர் இதைப் பார்த்தால் அழுவார்.

ஒரு பிளேட் எந்த வட்டத்தில் இருக்கிறது என்று கேட்பதுதான் என் முதல் சோதனை.

சந்தி பிரிப்பது சட்டப்படி குற்றம்

"சிரிப்பவர்" என்பதையே தப்பான இடத்தில் பிரித்து எழுதிப் பாருங்கள், "சிரிப்ப வர்". பொருளே கெட்டுப்போகிறது. "பலகை"யை ஒட்டினால் மரத்துண்டு, பிரித்தால் "பல கை". எழுத்து ஒன்றுகூட மாறவில்லை, இடைவெளி மாறியது, சொல் வேறாகிவிட்டது. பிரைவேட் பிளேட் வைத்திருக்கிறவர்களுக்கு இந்த உண்மை நன்றாகத் தெரியும்.

ராஜாவுக்கே வருவோம். சட்டப்படி இடைவெளி ஆர் 4-க்குப் பிறகு வர வேண்டும். அப்படி எழுதினால் "ரா" ஒரு பக்கமும் "ஜா" ஒரு பக்கமும் நிற்கும். பரவாயில்லை, படிக்கலாம். ஆனால் உரிமையாளருக்கு மனசு கேட்காது, இடைவெளியை எடுத்துவிட்டு ஒட்டச் சொல்வார். வேறு சிலருக்கு எழுத்தை ஒட்டுவது போதாது, வேறு இடத்தில் வெட்ட வேண்டும், ஏழு எழுத்தில் பெயருக்கு வேண்டிய ஐந்து ஒரு பக்கமும், வேண்டாத இரண்டு ஓரமாகவும், சின்னதாகவும்.

இங்கேதான் அளவுகோல் வருகிறது, நிஜமான மில்லிமீட்டர் அளவுகோல். ஒவ்வோர் எழுத்தும் 79 மி.மீ. உயரம், 50 மி.மீ. அகலம் இருக்க வேண்டும். 1-க்கும் ஐ-க்கும் மட்டும் அகலத்தில் விலக்கு. கோட்டின் தடிமன் 14 மி.மீ. எழுத்துக்கு எழுத்து இடைவெளி 11 மி.மீ., இரண்டு தொகுதிகளுக்கு நடுவில் 33 மி.மீ. முன்னால் வெள்ளைத் தகடு, பின்னால் மஞ்சள் தகடு, எழுத்து கறுப்பு. சாய்வெழுத்து கூடாது. எழுத்தின் வடிவை மாற்றிக் காட்டுகிற மாதிரி ஸ்குரூ வைக்கக் கூடாது, ஆமாம், ஸ்குரூவைப் பற்றியும் யோசித்திருக்கிறார்கள். மீறினால் 1,000 பவுண்டு வரை அபராதம். காரின் வருடாந்திரத் தகுதிச் சோதனையான எம்.ஓ.டி.யிலும் தேறாது. முற்றிப்போனால் அந்த எண்ணையே திரும்ப எடுத்துக்கொள்ளும் அதிகாரமும் உண்டு.

இவ்வளவு கறார் ஏன் என்று எனக்கும் முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. காரணம் கேமரா. சாலைகளில் நிற்கும் தானியங்கி எண் வாசிப்புக் கேமராக்கள், அதாவது பிளேட்டைப் படம் பிடித்து எழுத்தாக மாற்றி வாகனப் பதிவேட்டோடு ஒப்பிடும் கருவிகள், மனிதக் கண்ணைப் போலக் கண்ணைச் சுருக்கி இரக்கப்பட்டுப் படிக்காது. லண்டன் நடுப்பகுதியில் நுழைகிற காருக்கு 2003 முதல் வசூலிக்கும் நெரிசல் கட்டணமே இவற்றை நம்பித்தான் நடக்கிறது. 11-ஐ ஹெச் என்று கேமரா படித்துவிட்டால், கட்டண நோட்டீஸ் எங்கும் போகாது, அல்லது சம்பந்தமே இல்லாத யாரோ ஒருவர் வீட்டுக்குப் போகும். அழகுக்குச் செய்தேன் என்பவருக்கும் கட்டணத்தை ஏய்க்கச் செய்தவருக்கும் தகட்டில் ஒரு வித்தியாசமும் தெரியாது.

1980-க்கு முன் தயாரான பழைய கார்களுக்கு மட்டும், அதற்குரிய வகையில் பதிவு செய்திருந்தால், கறுப்புத் தகட்டில் வெள்ளி எழுத்துக்கு அனுமதி உண்டு. புத்தம்புதுக் காரில் அதைப் பார்த்தால் பாட்டியின் ஒட்டியாணத்தை ஜீன்ஸ் மேல் கட்டியது மாதிரிதான்.

நீங்கள் வாங்குவது நம்பரை இல்லை

இது பலருக்கு அதிர்ச்சியாக இருக்கும். 250 பவுண்டு கொடுத்தாலும் இரண்டரை லட்சம் கொடுத்தாலும் அந்த எண் உங்கள் சொத்தாகாது. எண் அரசுடையது. நீங்கள் வாங்குவது அதைக் காரில் காட்டும் உரிமையை. கோயில் திருவிழாவில் ஒரு நாள் மண்டகப்படி உங்கள் குடும்பத்துக்கு என்றால், அந்த நாளில் மாலை மரியாதை உங்களுக்குத்தான், ஆனால் சாமி உங்களுடையது ஆகிவிடாது. அதே கணக்கு.

இதை நடத்துவது ஸ்வான்ஸி நகரில் இருக்கும் டி.வி.எல்.ஏ., ஓட்டுநர் உரிமமும் வாகனப் பதிவும் பார்க்கும் அரசு அமைப்பு. 1989-இலிருந்து இவர்களே நேரடியாகவும் ஏலத்திலும் எண்களை விற்கிறார்கள். வாங்கியதும் உரிமைச் சான்று வரும், அதற்குப் பத்து வருட ஆயுள், விருப்பப்பட்டால் புதுப்பிக்கலாம். காரில் ஏற்றினால், காரின் பழைய எண் ஒதுங்கி நிற்கும்.

எங்கே கவனம் வேண்டும் என்றால், காரை விற்கும்போது. எண்ணைக் கழற்றித் தனியாக வைத்துக்கொள்ள முதலில் விண்ணப்பிக்க வேண்டும். அதை மறந்து காரை விற்றுவிட்டால் எண்ணும் காரோடு போய்விடும், வாங்கியவரிடம் போய் "அண்ணே, அது என் பேர்" என்று கெஞ்சிப் பயனில்லை.

எல்லா எண்ணும் விற்பனைக்கு வராது. மார்ச்சுக்கும் செப்டம்பருக்கும் முன்னால், வரப்போகிற வயதுக் குறியோடு எந்தெந்த எழுத்து சேர்ந்தால் கெட்ட வார்த்தையாகும், யாரைப் புண்படுத்தும் என்று டி.வி.எல்.ஏ. ஆட்கள் உட்கார்ந்து பார்த்து, அவற்றை வெளியே விடாமல் தடுத்துவிடுவார்கள். அரசாங்கச் சம்பளத்தில் நாள் முழுக்கக் கெட்ட வார்த்தை யோசிக்கிற வேலை. அதற்கு நான் விண்ணப்பிக்கத் தயார்.

வயதை மறைக்கலாமா?

விதி ஒன்றுதான்: காரை அதன் உண்மை வயதைவிடப் புதிதாகக் காட்டக் கூடாது. பழையதாகக் காட்டலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். 2018 காரில் 24 என்ற வயதுக் குறி ஏறாது. 2024 காரில் 1997-இன் ஆர் தாராளமாக ஏறும்.

இதில் நான் பட்ட அவமானம் ஒன்று உண்டு. 2016-இல் கடன் போட்டுப் புதுக் கார் எடுத்தேன். எடுத்த கையோடு என் தலைப்பெழுத்துகள் வருகிற மாதிரி ஒரு பி எண்ணும் வாங்கினேன். பர்மிங்ஹாமின் பி இல்லை, போலீஸின் பி, அது 1996-97 வருட எழுத்து. மச்சான் வந்தார், காரைச் சுற்றி ஒரு நடை நடந்தார், பிளேட்டைப் பார்த்தார், "இருபது வருஷப் பழைய வண்டியை நல்லாத்தான் வெச்சிருக்கீங்க மாப்பிள்ளை, செகண்ட் ஹேண்டுல எவ்வளவு வந்துச்சு?" என்றார். தலைப்பெழுத்தை அவர் கவனிக்கவே இல்லை. இன்றுவரை யாரும் கவனிக்கவில்லை.

பழைய எண் போட்டால் வயது தெரியாது என்பதும் தெருவில் நடந்து போகிறவருக்குத்தான் பொருந்தும். அரசு இணையதளத்தில் பிளேட் எண்ணைத் தட்டினால் காரின் தயாரிப்பு நிறுவனம், நிறம், முதலில் பதிவான மாதம் எல்லாம் இலவசமாக வந்துவிடும். பக்கத்து வீட்டுக்காரர் ஏற்கெனவே தட்டிப் பார்த்திருப்பார்.

தேதியில்லா எண் என்று சொன்னேனே, அதன் மதிப்பு இங்கேதான். அதில் வருடமே இல்லாததால் காரைப் புதிதாகக் காட்டுகிற பேச்சுக்கே இடமில்லை, எந்த வயதுக் காரிலும் ஏறும், எதையும் சொல்லாது. மலிவாக இந்த வசதி வேண்டும் என்கிறவர்கள் வட அயர்லாந்து எண்ணுக்குப் போவார்கள். அங்கே இன்றும் வருடம் காட்டாத பழைய முறைதான், ஐ அல்லது இசட் எழுத்து இருந்தால் பெரும்பாலும் அது அந்தப் பக்கத்துச் சரக்கு.

விலை ஏன் வானத்துக்குப் போகிறது

டி.வி.எல்.ஏ.யின் நேரடி விற்பனை 250 பவுண்டில் தொடங்குகிறது. அதற்குக் கிடைப்பது பெரும்பாலும் என்னுடையது மாதிரி, சொந்தக்காரர் மட்டும் படிக்கக்கூடிய எண். மேலே போகப் போக விலையை இரண்டு விஷயம் தள்ளும். எழுத்து எண்ணிக்கை குறையக் குறைய அந்த மாதிரி எண் உலகத்திலேயே குறைவு. அதோடு, எந்த வேஷமும் இல்லாமல் நேராக ஏதோ ஒன்றைச் சொன்னால், அதைத் தேடுகிற பணக்காரர் ஒருவர் எங்காவது இருப்பார்.

எசெக்ஸ் கவுன்டி கவுன்சிலிடம் 1904-இலிருந்து இருந்த எஃப் 1 என்ற எண் 2008-இல் 4,40,625 பவுண்டுக்குப் போனது. இரண்டே குறி, கார் பந்தயத்தின் பெயரே அதுதான், விளக்கம் தேவையில்லை. 2014-இல் 25 ஓ என்ற எண் டி.வி.எல்.ஏ. ஏலத்தில் கட்டணங்கள் சேர்த்து 5,18,000 பவுண்டைத் தாண்டியது. 25 ஓ-வில் என்ன இருக்கிறது என்று யோசிக்கிறீர்களா? ஓ-வும் சுழியமும் ஒரே வடிவம் என்று மேலே பார்த்தோம். ஆக 250. ஃபெராரியில் 250 என்று புகழ்பெற்ற பழைய வரிசை ஒன்று உண்டு, எண்ணை வாங்கியவர் பழைய ஃபெராரி வியாபாரி. ஒரு ஸ்குரூவைக்கூடத் தொடாமல், ஒரு மில்லிமீட்டரும் நகர்த்தாமல் வேலை முடிந்தது.

உச்சிக்குப் போனால் வேறு மாதிரி ஆகிவிடுகிறது. லண்டன் லார்ட் மேயரின் காரில் எல்.எம். 0, எடின்பரோ நகரத் தலைவரின் காரில் எஸ் 0. அதற்கும் மேலே, மன்னரின் அரசுக் கார்களுக்கு நம்பர் பிளேட்டே கிடையாது.

அப்படியானால் எது அல்பம்?

பிரைவேட் பிளேட் என்றாலே அல்பம் என்று முகத்தைச் சுளிக்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நானே வைத்திருக்கிறேன். செத்துப்போன அப்பாவின் எண்ணைக் காருக்குக் கார் மாற்றிக்கொண்டு ஓட்டுகிறவர்கள் உண்டு. ஒரு பேக்கரிக்காரர் வேனில் ரொட்டி என்று படிக்கிற மாதிரி எண் வைத்தால் அது விளம்பரம், அதுவும் நல்ல விளம்பரம்.

என் கண்ணை உறுத்துவது சில வகைதான். காரின் பெயரையே பிளேட்டிலும் சொல்வது ஒன்று. பானெட்டில் ஒரு முறை, டிக்கியில் ஒரு முறை, சக்கரத்தில் நாலு முறை எழுதியிருக்கிறது, பிளேட்டிலுமா வேண்டும்? பாஸ், ரிச், கிங் வகையறா இன்னொன்று. நிஜ ராஜாவுக்குப் பிளேட்டே இல்லை என்று இப்போதுதான் பார்த்தோம். அப்புறம், படிக்க உரை தேவைப்படும் எண்: "இந்த 7 இருக்கே, அதை டி-ன்னு வெச்சுக்கங்க, நடுவுல வர்ற 2-ஐ விட்டுடுங்க, கடைசி எழுத்து என் பொண்டாட்டியோடது" என்று ஒருவர் பத்து நிமிடம் எனக்குப் பதவுரை பொழிப்புரை சொன்னார். நச்சினார்க்கினியரே வந்தாலும் அந்த பிளேட்டுக்குப் பொருள் காண முடியாது.

இவை எல்லாம் ரசனைக் குறைவு, அவ்வளவுதான், சிரித்துவிட்டுப் போகலாம். தகட்டைத் திருத்துவது வேறு. அதைக் கண்டுபிடிக்க என் வழி எளிது. முதலில் வடிவத்தைப் பாருங்கள், எந்தக் காலத்து எண், இடைவெளி எங்கே விழ வேண்டும். அந்த இடத்தில் விழவில்லையென்றால் பாதி வேலை முடிந்தது. பிறகு ஸ்குரூக்களின் மூடி நிறம். பிறகு தகட்டின் கீழ் ஓரம். ஒழுங்கான பிளேட்டில் செய்து கொடுத்தவரின் பெயரும் அஞ்சல் குறியீடும் தர நிர்ணய எண்ணும் சின்ன எழுத்தில் இருக்கும். பதிவு பெற்ற விற்பனையாளர் உங்கள் அடையாள அட்டையையும் காரின் ஆவணத்தையும் கேட்காமல் பிளேட் செய்து தரக் கூடாது. அந்தச் சின்ன எழுத்து இல்லாவிட்டால், "கண்காட்சிக்கு மட்டும்" என்று சொல்லி எதையும் கேட்காமல் அச்சடித்துத் தரும் ஏதோ ஓரிடத்திலிருந்து வந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

வெள்ளைக் காரில் அந்தச் சின்ன எழுத்து ஒழுங்காகவே இருந்தது. இடைவெளியும் சரி. நடு ஸ்குரூ மட்டும்தான். நான் எழுந்திருப்பதற்குள் பின்னால் ஒரு குரல், "என்ன தம்பி, ஏதாவது ஸ்கிராட்ச் விழுந்திருக்கா?" நம்மாள்தான், ஐம்பது வயதிருக்கும், இரண்டு கையிலும் மளிகைப் பை.

"இல்லண்ணே, நம்பரைப் பார்த்தேன். பேர் நல்லா வந்திருக்கு. அந்தக் கறுப்பு மூடிதான், எம்.ஓ.டி.யில பிடிப்பாங்க."

"போன வருஷமே பிடிச்சாங்க தம்பி," என்று டிக்கியைத் திறந்தார். ஓரத்தில் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பா, அதற்குள் ஒரு ஸ்குரூ டிரைவரும் ஒரே ஒரு மஞ்சள் மூடியும். "டெஸ்டுக்குப் போற அன்னிக்கு மட்டும் இது."